சந்தா கட்டாதவருக்கும் போய்ச் சேரும் சேவை

கூடாரம் தைக்கும் சிறு நிறுவனம், ஆற்றில் ராஃப்டிங் நடத்தும் ஐந்து பேர் குழு, பாறையேற்றச் சாமான் விற்கும் கடை என்று யாரிடம் துறைச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை நீட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சந்தா கட்டினா நமக்கு என்ன கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அதற்கு அவுட்டோர் துறைச் சங்கங்கள் வைத்திருக்கும் பதிலும் எந்த நாட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. காப்பீட்டில் தள்ளுபடி, கூரியரில் தள்ளுபடி, சந்தை அறிக்கைகள், கண்காட்சியில் குறைந்த விலைக்கு ஸ்டால், பயிற்சி வகுப்புகள், சட்ட ஆலோசனை, அப்புறம் "அரசாங்கத்திடம் உங்கள் குரல்". இந்தக் கடைசி ஒன்று மட்டும் எப்போதும் பட்டியலின் ஓரத்தில், எதையும் உறுதியாகச் சொல்லாத வார்த்தைகளில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், சங்கம் என்று ஒன்று தொடங்கப்பட்டதற்கான காரணமே பெரும்பாலும் அதுதான். மற்றதில் பாதி, அந்த வேலைக்குப் பணம் திரட்டுவதற்காகப் பிற்பாடு சேர்த்தது.

ஏன் இப்படி என்பதை நன்றாக விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன். 1965இல் அவர் வைத்த வாதம் இதுதான்: ஒரு கூட்டம் சேர்ந்து உழைத்தால் எல்லோருக்கும் நன்மை, ஆனால் உழைக்காதவனுக்கு அந்த நன்மை போகாமல் தடுக்க வழியில்லை என்றால், ஒவ்வொருவனும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று ஒதுங்கிவிடுவான், கடைசியில் வேலையே நடக்காது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வருபவனும் இழுத்தவன் கணக்கில்தான் சேர்கிறான். எல்லோருமே தொட்டுக்கொண்டு மட்டும் வந்தால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு ஓல்சன் சொன்ன தீர்வு, பொதுநன்மையோடு சேர்த்துக் கட்டியவருக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி தனியாக ஏதாவது கொடுப்பது. கூரியர் தள்ளுபடியின் பூர்வீகம் இதுதான். ஒரு சங்கத்தின் சேவைப் பட்டியலைப் படிக்கும்போது எது தேர், எது தேர் இழுக்க ஆள் சேர்ப்பதற்கான சலுகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இறக்குமதி வரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுங்க அட்டவணையில் செயற்கை இழையால் ஆன முதுகுப்பைக்கு அடிப்படை வரி 17.6 சதவீதம். தண்ணீர் புகாமல் காக்கும் சில வகைக் காலணிகளுக்கு 37.5 சதவீதம். அண்மையில் மேலே ஏற்றிய கூடுதல் வரிகளெல்லாம் தனிக் கணக்கு. வளரும் நாடுகளின் பொருட்களுக்கு வரிச்சலுகை தரும் ஜிஎஸ்பி திட்டத்தில் இந்த மாதிரிப் பைகளுக்கு நெடுங்காலம் இடமே இல்லை. 2015இல் வந்த ஒரு சட்டம் அதற்குக் கதவைத் திறந்தது, 2017இல் அது எல்லா ஜிஎஸ்பி நாடுகளுக்கும் விரிந்தது. இப்படி ஒரு வரி மாற்றம் வர, எந்தப் பொருள் எந்தச் சுங்க எண்ணின் கீழ் வருகிறது, உள்நாட்டில் அதை யாரும் தயாரிக்கிறார்களா, சலுகை கொடுத்தால் யாருக்கு வலிக்கும் என்றெல்லாம் வருடக்கணக்கில் கோப்பு தயாரித்து அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குத்தான் சந்தா. ஆனால் சலுகை வந்த பிறகு, இந்தப் பை உறுப்பினருடையது, இது உறுப்பினர் அல்லாதவருடையது என்று எந்தச் சுங்க அதிகாரியும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி ஜிஎஸ்பி காலாவதியானபோது அடியும் அதே மாதிரி எல்லோருக்கும் பொதுவாகத்தான் விழுந்தது.

நிலத்துக்கும் இதே கதை. இந்தத் துறையின் விசித்திரம், அதன் தொழிற்கூடம் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில், அதுவும் அரசு நிலத்தில் இருக்கிறது. காட்டுப் பாதை மூடினால் காலணி விற்காது, ஆற்றங்கரைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் படகு ஓடாது. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் கையெழுத்தான கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம், நிலம்-நீர் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுதோறும் 900 மில்லியன் டாலரை நிரந்தரமாக உறுதி செய்தது. இந்த நிதி 1960களிலேயே உருவானதுதான், பணம் கடல் எண்ணெய் உரிமத் தொகையிலிருந்து வருகிறது, ஆனால் பல ஆண்டுகள் முழுத்தொகையும் வந்து சேர்ந்ததே இல்லை. 2025 ஜனவரியில் கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம் வழிகாட்டிகளும் பயண நடத்துநர்களும் பொது நிலத்தில் தொழில் செய்ய வாங்கும் அனுமதிகளை எளிதாக்கும் பிரிவுகளைக் கொண்டது. இரண்டுக்குமே துறைச் சங்கங்கள் பல ஆண்டுகள் வாசல் தட்டின. பலன் போனது நேற்று தொழில் தொடங்கியவருக்கும்தான்.

இங்கே லாபி என்பதற்கு வெறும் ஆள் பலம் போதாது, எண் வேண்டும். அவுட்டோர் துறைக்கு நீண்ட காலம் இருந்த பெரிய குறையே, அது ஒரு துறை என்று அரசாங்கப் புள்ளிவிவரத்தில் எங்குமே தெரியாது என்பது. காலணி ஒரு கணக்கில், படகு இன்னொரு கணக்கில், விடுதி மூன்றாவது கணக்கில். எஃகுத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் தனி வரிசை இருக்கும்போது மலையேறுபவர்கள் செலவழிக்கும் பணம் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. கொலராடோவின் போல்டர் நகரைத் தளமாகக் கொண்டு 1989 முதல் இயங்கும் அவுட்டோர் இண்டஸ்ட்ரி அசோசியேஷன் இந்தக் கணக்கைத் தானே எடுக்க ஆரம்பித்தது. 2017இல் அது வெளியிட்ட எண் 887 பில்லியன் டாலர், 76 லட்சம் வேலைகள். இந்த மாதிரி எண்களுக்கு எதிர்தரப்பு முன்பிருந்தே சொல்லிவந்த பதில் எதிர்பார்த்ததுதான்: உங்கள் கடை எண்ணெயின் சுத்தத்தை நீங்களே பரிசோதித்து நீங்களே சான்று தருகிறீர்கள். அதனால் அந்த 887 வருவதற்கு முன்பே, அரசே இதைக் கணக்கிட வேண்டும் என்று ஒரு சட்டத்துக்கு முயன்றார்கள், 2016 டிசம்பரில் அது வந்தது. 2018 பிப்ரவரியில் அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பு முதல் மாதிரிக் கணக்கை வெளியிட்டபோது, 2016இல் இந்தத் துறையின் பங்கு 373.7 பில்லியன் டாலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்று வந்தது.

887 எங்கே, 374 எங்கே என்று கேட்கத் தோன்றும். ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. சங்கத்தின் எண் மக்கள் செலவழித்த மொத்தப் பணம், அரசின் எண் அந்தச் செலவுக்குள் உள்நாட்டில் கூட்டப்பட்ட மதிப்பு மட்டும்; இறக்குமதியான பொருளின் விலையும், வழியில் வாங்கிய எரிபொருளின் கச்சா எண்ணெய் விலையும் முதல் கணக்கில் உள்ளே, இரண்டாவதில் வெளியே. எனக்கு இதில் பிடித்தது, பெரிய எண்ணைக் கையில் வைத்திருந்தும் அதைவிடச் சிறியதாகவே வரப்போகிற அரசு எண்ணுக்காக ஒரு சங்கம் மெனக்கெட்டது. ஏனென்றால் பட்ஜெட் எழுதுகிற மேசையில் செல்லுபடியாவது அந்தச் சிறிய எண்தான். 2023க்கான கணக்கில் அது 639.5 பில்லியன் டாலர், உற்பத்தியில் 2.3 சதவீதம். இதுவும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தே கிடக்கிறது.

சரி, கட்டியவருக்கு மட்டும் கிடைக்கும் எண்களும் உண்டு. ஐரோப்பாவில் 2003இல் 19 நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐரோப்பிய அவுட்டோர் குழுமம் ஆண்டுதோறும் நடத்தும் சந்தைக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். ஜாக்கெட் எவ்வளவு, காலணி எவ்வளவு, கூடாரம் எவ்வளவு என்று நிறுவனங்களே தங்கள் விற்பனையைக் கொடுக்க, மொத்தத்தைக் கூட்டித் திருப்பித் தருகிறார்கள். உங்கள் கூடார விற்பனை 5 சதவீதம் ஏறியது என்பது தனியாக ஒரு பொருட்டே இல்லை. சந்தை 15 சதவீதம் ஏறிய ஆண்டில் அது தோல்வி, சந்தை விழுந்த ஆண்டில் அது சாதனை. இந்த ஒப்பீட்டை ஒரு நிறுவனம் தனியாக எவ்வளவு செலவழித்தாலும் உருவாக்க முடியாது, போட்டியாளர் தன் கணக்குப் புத்தகத்தை உங்களுக்குக் காட்டப் போவதில்லை. நடுவில் நம்பகமான ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால் உறுப்பினர் சேவைகளில் சலுகைச் சாயம் பூசாமலே நிற்கக்கூடிய ஒன்று இதுதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. போட்டியாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து விற்பனையைப் பற்றிப் பேசுவது என்பதே போட்டிச் சட்டத்துக்கு மூக்கு வியர்க்கிற விஷயம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1921இல் மரம் அறுக்கும் நிறுவனங்களின் சங்கம் ஒன்றை இதற்காகப் பிடித்தது. யார் எவ்வளவு உற்பத்தி, யார் என்ன விலை என்று பெயரோடு தகவல் சுற்றிக்கொண்டிருந்தது அங்கே. நான்கு ஆண்டுகள் கழித்து 1925இல் மேப்பிள் தரைப்பலகை தயாரிப்பாளர்கள் வழக்கில் அதே நீதிமன்றம், பெயர் தெரியாமல் கூட்டிக் கொடுக்கும் பழைய புள்ளிவிவரம் தவறில்லை என்றது. பிற்காலத்தில், 1990களில், அமெரிக்க அதிகாரிகள் மருத்துவத் துறைக்கு என்று ஒரு பாதுகாப்பு வரம்பு எழுதினார்கள்: தகவலை மூன்றாம் தரப்பு திரட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், குறைந்தது 5 பேர் கொடுத்திருக்க வேண்டும், எந்த ஒருவரின் பங்கும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாத் துறைச் சங்கங்களும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டன. 2023இல் அந்த ஆவணங்களை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது, இப்போது நிலைமை வழக்கறிஞரைக் கேட்டுத்தான் நகர வேண்டியதாக இருக்கிறது. சங்கக் கூட்டம் தொடங்கும்போது ஒருவர் எழுந்து விலை, தள்ளுபடி, யாருக்கு விற்பது யாருக்கு விற்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் பேசக் கூடாது என்று சலிப்பூட்டும் ஓர் அறிக்கையை வாசிப்பார். அதைச் சடங்கு என்று நினைத்து மொபைலைப் பார்க்காதீர்கள், அந்த அறையில் உங்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு அதுதான். அப்படி ஒன்றை வாசிக்காத சங்கத்தின் கூட்டத்தில் இருந்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

இனி காப்பீடு. சலுகை என்று தொடங்கி சங்கத்தின் குணத்தையே மாற்றிவிடுகிற சேவை இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாறையேற்றம், ராஃப்டிங், குதிரையேற்றம், மரத்துக்கு மரம் கயிறு கட்டிய சாகசப் பாதைகள் போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பிடிக்காது. விபத்து அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் பெரிதாக நடக்கும். நடத்துநர்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் நம்பகமான விபத்துப் புள்ளிவிவரமும் குறைவு. கணிக்க முடியாததற்கு அவர்கள் இரண்டில் ஒன்றுதான் செய்வார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள் அல்லது கதவைச் சாத்துவார்கள். ஆஸ்திரேலியாவில் 2001 மார்ச்சில் ஹெச்ஐஹெச் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் பல சாகச நடத்துநர்களும் சமூக நிகழ்ச்சி நடத்துபவர்களும் திணறிப்போனார்கள். அதன் விளைவாக 2002இல் இப் குழு என்ற ஆய்வுக்குழு சட்டத்தை மறுபரிசீலனை செய்தது. அதே காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தில், ஆபத்தான பொழுதுபோக்கில் தானாக ஈடுபடுபவர், கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து நிஜமாகிவிட்டதற்காக அலட்சியம் என்று வழக்குப் போட்டு இழப்பீடு கேட்க முடியாது என்ற பிரிவு இடம்பெற்றது. அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1980களின் நடுவில் வந்த இதே மாதிரி நெருக்கடியில், ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து தங்களுக்குச் சொந்தமான காப்பீட்டு நிறுவனத்தை நடத்திக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1986இல் விரிவுபடுத்தப்பட்டது.

சங்கம் ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவரும்போது உறுப்பினர் கண்ணில் படுவது பிரீமியம் தொகை. நான் அதைவிட ஒப்பந்த வாசகத்தைப் பார்க்கச் சொல்வேன். வெளியே மலிவாகக் கிடைக்கும் பாலிசிகளில் எந்தெந்த நடவடிக்கைகள் உள்ளே என்று ஒரு பட்டியல் இருக்கும். இருட்டிய பிறகு நடக்கும் நடைப்பயணம், தண்ணீருக்குப் பக்கத்தில் குழந்தைகள், ஒரு நாள் கூலிக்கு வந்த வெளி வழிகாட்டி போன்றவை அதில் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும், விபத்து நடந்த பிறகுதான் அது தெரியவரும். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் காப்பீட்டாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசி எழுதிய வாசகம், தள்ளுபடியைவிடப் பல மடங்கு பெறும்.

அடுத்து நடப்பதுதான் சுவாரசியம். நூறு நடத்துநர்கள் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டால், அதில் ஒருவரின் பழைய கயிறு மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஒருவர் செய்யும் பெரிய விபத்துக்கு அடுத்த ஆண்டு எல்லோரும் கூடுதல் பிரீமியம் கட்டுவார்கள். அதுவரை நண்பனாக இருந்த சங்கம் மெல்ல இன்ஸ்பெக்டர் ஆகிறது: வழிகாட்டிக்கு முதலுதவிச் சான்று உண்டா, கயிறு எத்தனை ஆண்டு பழையது, நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்கிறீர்களா. உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், கட்டுகிற சந்தாவுக்கு மேல் எங்களையே கேள்வி கேட்கிறீர்களா என்று. ஆனால் இந்த முணுமுணுப்பு கேட்காத குழுத் திட்டம் அதிக நாள் தாங்காது. கவனமாக நடத்துபவர் வெளியே இன்னும் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடுவார், அலட்சியமானவர்கள் மட்டும் உள்ளே மிஞ்சுவார்கள், பிரீமியம் மறுபடி ஏறும்.

தரநிலைகள் இதன் இயல்பான அடுத்த படி. அமெரிக்கக் கேரவன் தயாரிப்பாளர்களின் சங்கமான ஆர்வி இண்டஸ்ட்ரி அசோசியேஷன் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதன் உறுப்பினராக இருக்கும் தயாரிப்பாளர் மின்சாரம், எரிவாயு, குழாய், தீ பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும், ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் ஆலைக்கு வருவார்கள், வண்டியின் கதவருகே சங்கத்தின் முத்திரை ஒட்டப்படும். முத்திரை இல்லாத வண்டியைச் சில முகாம் மைதானங்களும் காப்பீட்டாளர்களும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். இந்த நிலைக்கு வந்துவிட்டால் உறுப்பினர் சேவை என்ற பெயரே பொருந்தாது, அது ஒரு வாயில். கட்டுகிற சந்தாவும் ஏறக்குறைய நுழைவுக் கட்டணம்தான். வாடிக்கையாளருக்கு நல்லது, சிறு தயாரிப்பாளருக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

இதற்கு நேர்மாறாக, யார் கண்ணிலும் படாமல் வேலை செய்த தரநிலை ஒன்று உண்டு. ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போன எண்ணைப் போட்டது. மைனஸ் 10 என்று எழுதியிருக்கும், பூஜ்யத்திலேயே பல்லு கிட்டும். நேர்மையாகக் குறைத்து எழுதிய நிறுவனத்தின் பை கடை அலமாரியில் தோற்றுப்போகும், இது முக்கியம், ஏனென்றால் தனியாக யாரும் இதில் யோக்கியனாக இருக்க முடியாது. ஐரோப்பாவில் 2002இல் வந்த இஎன் 13537 தரநிலை, சூடேற்றிய சென்சார் பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. 60 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் சுகமாகத் தூங்கும் வெப்பநிலை ஒன்று, 70 கிலோ, 173 சென்டிமீட்டர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை ஒன்று, அதற்கும் கீழே உயிர் தப்புவதற்கான அளவு ஒன்று. பின்னர் இது ஐஎஸ்ஓ 23537 ஆனது. எல்லோரும் ஒரே நாளில் உண்மை பேச ஒப்புக்கொண்டால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு ஆளைக் கூட்டும் இடமாக இருப்பது எந்தப் படிவத்திலும் சேவை என்று எழுதப்படுவதில்லை. குறையும் சொல்ல வேண்டும்: தரநிலைக் குழுவில் வருடத்துக்கு நான்கு கூட்டத்துக்கு ஆள் அனுப்ப வசதியுள்ளவர் எழுதுவதுதான் விதி, ஆய்வகச் செலவும் ஒரு மாடலுக்கு இவ்வளவு என்றுதான் வரும், ஆயிரம் பை விற்பவரும் லட்சம் பை விற்பவரும் கட்டுவது அதே தொகை.

இதே ஆசையில் சுற்றுச்சூழல் பக்கம் போனபோது கொஞ்சம் சறுக்கியது. அவுட்டோர் இண்டஸ்ட்ரி அசோசியேஷன் 2007இல் ஒரு செயற்குழுவை அமைத்து, 2010இல் ஈகோ இண்டெக்ஸ் என்ற அளவுகோலை வெளியிட்டது. ஒரு பொருளின் துணி, சாயம், பேக்கிங் முதல் கடைசியில் குப்பைக்குப் போவது வரை மதிப்பெண் போடும் கருவி. அது பிறகு ஆடைத்துறை முழுமைக்குமான ஹிக் இண்டெக்ஸுக்கு அடித்தளங்களில் ஒன்றானது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளப் பயன்பட்டவரை நல்ல கருவிதான். அதே எண்ணை வாடிக்கையாளருக்கான விளம்பரமாக மாற்றியபோது, 2022இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் நொரோனா என்ற அவுட்டோர் நிறுவனத்தின் விளம்பரத்தை இந்தத் தரவை வைத்துச் சொன்னது தவறாக வழிநடத்துகிறது என்று தடுத்தது. துணி வகையின் சராசரி எண்ணை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சட்டையைப் பற்றிப் பேசியதுதான் சிக்கல். சங்கம் தரும் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்காமல் அதைத் தூக்கி விளம்பரத்தில் ஒட்டினால், மாட்டுவது சங்கமல்ல, ஒட்டியவர்.

வேதிப்பொருள் விதிகள் விஷயத்தில் நேரமே சேவை. மழை ஜாக்கெட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகப் பூசிவந்த பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்களை கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் துணிகளில் தடை செய்தது. கடும் மழைக்கான அவுட்டோர் ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம், அதுவும் பிஎஃப்ஏஎஸ் கொண்டு தயாரிக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும் நிபந்தனையோடு. எது கடும் மழை ஆடை, எது சாதாரண மழை ஆடை என்ற வரையறையில்தான் பல நிறுவனங்களின் ஒரு பருவத்துச் சரக்கு ஊசலாடியது. ஜாக்கெட்டின் துணி கடைக்கு வருவதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிவிடும் தொழில் இது. சட்டம் அரசிதழில் வந்த பிறகு படித்துத் தெரிந்துகொள்பவருக்கு அது இலவசம், ஆனால் அதற்குள் துணி ஆர்டர் போயிருக்கும்.

கண்காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பல சங்கங்களின் கஜானா சந்தாவைவிட அங்கிருந்துதான் நிறைந்தது. இது ஒரு பலவீனமும்கூட. அமெரிக்காவின் அவுட்டோர் ரீடெய்லர் கண்காட்சி ஆண்டுகளாக சால்ட் லேக் சிட்டியில் நடந்தது, நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 45 மில்லியன் டாலர் வருமானம் என்று கணக்குச் சொன்னார்கள். 2016 டிசம்பரில் ஒபாமா அறிவித்த பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்தை, அதாவது பாதுகாக்கப்பட்ட பொது நிலப்பரப்பை, ரத்து செய்யக் கோரி அந்த நகரம் இருக்கும் யூட்டா மாநிலம் தீர்மானம் போட்டது. பட்டகோனியா முதலான நிறுவனங்கள் அப்படியானால் வரமாட்டோம் என்றன, 2018இல் கண்காட்சி டென்வருக்கு நகர்ந்தது. 2023இல் மறுபடி சால்ட் லேக்குக்கே திரும்பியபோது சில பெரிய பெயர்கள் கூட வரவில்லை. ஐரோப்பாவில் அரசியல் இல்லாமலே இதேபோல ஒரு நகர்வு: 1994 முதல் ஃபிரீட்ரிஷ்ஹாஃபனில் நடந்த கண்காட்சியை உறுப்பினர்கள் வாக்களித்து 2019இல் மியூனிக்கிற்கு மாற்றினார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து அரங்குகளைப் பூட்டியபோது, கண்காட்சி வருமானத்தை நம்பி இருந்த சங்கங்கள் எல்லாம் சந்தா மட்டும் எவ்வளவு சின்னத் தொகை என்பதை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தன.

சந்தா பொதுவாக விற்பனை அளவுக்கு ஏற்ப அடுக்கடுக்காக இருக்கும், பெரியவர் அதிகம், சிறியவர் குறைவு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பட்ஜெட்டின் பெரும்பகுதியை ஏழெட்டுப் பேர் கட்டினால் அந்த ஏழெட்டுப் பேருக்குப் பிடிக்காததை அலுவலகம் எவ்வளவு உரக்கச் சொல்லும் என்பது வேறு கேள்வி. அதிலும் இந்தத் துறைக்குள் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. பிராண்டுகள் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க விரும்புகின்றன, கடைக்காரருக்கு அது வயிற்றில் அடி. பிராண்டுகள் வழிகாட்டிகளுக்கும் துறை ஊழியர்களுக்கும் பாதி விலையில் சரக்குக் கொடுப்பதை உறுப்பினர் சலுகை என்று கொண்டாடுவார்கள், கடைக்காரர் கணக்கில் அது பறிபோன நல்ல வாடிக்கையாளர். இறக்குமதி செய்பவருக்கு வரிக்குறைப்பு வேண்டும், உள்நாட்டில் தைப்பவருக்கு வேண்டாம். மோட்டார் படகுக்காரரும் துடுப்புப் படகுக்காரரும் ஒரே ஏரிக்காகச் சண்டை போடுவார்கள். அதனால்தான் அமெரிக்காவில் தனிக் கடைகள் தங்களுக்கென்று கிராஸ்ரூட்ஸ் அவுட்டோர் அலையன்ஸ் என்று தனி அமைப்பு வைத்துக்கொண்டார்கள், சாகசப் பயண நடத்துநர்களுக்கு 1990 முதல் தனி உலகளாவிய வணிகச் சங்கம் இருக்கிறது, கயிற்றுப் பாதை அமைப்பவர்கள் 1993இல் தங்களுக்கு ஒன்று தொடங்கினார்கள். உங்களுக்கு எந்தச் சங்கம் என்பது, அங்கே உங்கள் தொழிலோடு மோதுகிற தொழில்காரர் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

தள்ளுபடிகளைக் கூட்டிப் பார்த்துச் சந்தாவை நியாயப்படுத்த முயல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கூரியர் தள்ளுபடி இப்போது யாருக்கும் எங்கும் கிடைக்கிறது. கணக்குப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதிரி பாருங்கள். உங்கள் தொழிலை நாளைக்கே நிறுத்தக்கூடிய மூன்று விஷயங்களை எழுதுங்கள்: அனுமதி ரத்து, காப்பீடு மறுப்பு, ஒரு மூலப்பொருள் தடை, வரி, எதுவாகவும் இருக்கட்டும். அந்த மூன்றில் எத்தனை விஷயத்தில் சங்கத்தில் முழுநேர ஆள் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பெயரும் பொறுப்பும் சொல்ல முடிந்தால் நல்லது. "எல்லாவற்றையும் கவனிக்கிறோம்" என்று பதில் வந்தால் படிவத்தை மடித்து வைத்துவிடலாம். சேர்ந்துவிட்டால், முதல் வாரத்தில் தள்ளுபடிக் குறியீட்டைக் கேட்பதற்குப் பதில் எந்தெந்தக் குழுக்கள் இயங்குகின்றன, கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அந்தக் குறிப்புகளில் வருகைப் பதிவு இருக்கும். பெரும்பாலும் அதே பன்னிரண்டு பேர்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்திருப்பார்கள், பதின்மூன்றாவது நாற்காலிக்கு யாரும் தனிக் கட்டணம் கேட்பதில்லை.